அட்மின் மட்டும் பேசலாம்

ஜொகூரில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் 1970களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கிவிடும் சின்னக் குறிப்புப் புத்தகம், அட்டையில் பெரிதாக 555 என்று போட்டிருக்கும். கடனுக்கு வாங்கிய அரிசி, புளி, மண்ணெண்ணெய், சார்டின் டின் எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று இறங்கும். முழுதாக இறங்கிய வீடு எங்கள் லயத்தில் ஒன்றாவது இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வாடிக்கையாளர் தரவு என்று இன்று ஹோட்டலில் மண்டபம் பிடித்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். எங்கள் கடை முதலாளிக்குத் தரவு என்ற சொல் தெரியாது, தரவு அத்தனையும் தெரியும். எந்த வீட்டில் திடீரென்று புளியும் மாங்காயும் போகின்றன, எந்த வீட்டுக்கு மைலோ டின் போகிறது (சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அர்த்தம்), யார் வீட்டில் கள்ளுக்கடைக்குப் போனது போக அரிசிக்குப் பணம் மிஞ்சவில்லை, எல்லாமே புத்தகத்தில் இருக்கும். அதையெல்லாம் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நாங்கள் வீடு திரும்பும் முன் செய்தி அடுத்த லயத்துக்குப் போயிருக்கும். அந்தத் தரவை வைத்து அவர் இரண்டு மூன்று கல்யாணங்கள்கூட முடித்து வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நேர்மையானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 1-க்கு மேலே ஒரு தொப்பி வைத்தால் 7. அந்தத் தொப்பி வைக்கும் வேலை சம்பளத்துக்கு முந்தின வாரம் நடக்கும். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. வாங்கிய ஒவ்வொன்றுக்கும் கதவு நிலையில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைப்பாள். அதைவிட முக்கியமாக, எப்போது கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மற்ற நாள்களில் வாயே திறக்க மாட்டாள். சம்பளத்தன்று சாயங்காலம், கிராணி முதல் மண்டோர் வரை கடை வாசலில் நிற்கும்போது, புத்தகத்தை மேசைமேல் விரித்து வைப்பாள்.

"என் வீட்டுல சார்டின் தின்ன ஏழு வாய் இருக்கு முதலாளி. வாங்கினது ஒரு டின்னுதான்."

கூட்டம் திரும்பிப் பார்க்கும். வேறு சில வீட்டுப் புத்தகங்களும் மடியிலிருந்து மெதுவாக வெளியே வரும். முதலாளி என்ன செய்வார்? பாட்டியின் வாயை மூடலாம் என்றால் அது எங்கள் தாத்தாவுக்கே கைகூடாத காரியம். கடையை விட்டுத் துரத்தினால் மொத்த லயமும் பின்னாலேயே போய்விடும், ஒரு மைல் நடந்தால் சீனர் கடை. ஆகவே சிரிப்பார். "பையன் கைதவறி எழுதிட்டான் ஆயா" என்று தொப்பியை அடிப்பார். என் கையில் ஒரு வெல்லக் கட்டி வைப்பார். இன்று இதற்கு வாடிக்கையாளர் சமூக மேலாண்மை என்று பெயர் வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

விளம்பரத்துக்கும் அப்போது குறைவில்லை. சம்பள வாரத்தில் மருந்துக்காரர் வருவார். ஒலிபெருக்கி, பெட்டியில் ஒரு பாம்பு, பாட்டில் நிறைய ஓர் எண்ணெய். மூட்டுவலி, மலட்டுத்தன்மை, இனிப்பு நீர் மூன்றுக்கும் அதே பாட்டில்தான். கூட்டத்திலிருந்து ஒருவர் முண்டியடித்து முன்னால் வந்து, போன மாதம் இதைக் குடித்துத் தன் வயிற்றுவலி போனதாகக் கண்கலங்கச் சொல்வார். செனாயில் உறவுக்காரர் உள்ளவர்கள் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். முந்தின வாரம் அங்கேயும் அதே ஆளுக்கு அதே வயிறு வலித்து அதே எண்ணெயில் போயிருந்தது. சட்டம் அப்போதும் இருந்தது. மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய் என்று 20 நோய்களைக் குறிப்பிட்டு, இவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. பாம்புக்குப் பயந்தோ என்னவோ, அது எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை.

இப்போது இந்தக் காலத்துக்கு வருவோம்.

என் அண்ணன் மகள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தாள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, சிங்கப்பூர்ப் பாலம் அடைபட்டது, வேலையும் போனது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஜொகூரில் முறுக்கு, நாசி லெமாக், கேக் என்று எதையாவது பேஸ்புக்கில் விற்காத வீடு அபூர்வம். இவள் முறுக்கில் தொடங்கிச் சேலைக்கு வந்தாள். 2022 ஏப்ரலில் பாலம் திறந்தபோது அவளுக்கு உட்லண்ட்ஸ் முதல் யீஷூன் வரை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கும் சித்தப்பாவை வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆக்கினாள். தமிழில் பிழையில்லாமல் எழுதுவேனாம். அந்தத் தகுதி அந்தத் தொழிலுக்குத் தேவையே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

முதலில், குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஏன் அங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. "நீங்க யாரு?" என்று தினமும் ஒருவர் கேட்டார். எண்கள் எங்கே கிடைத்தன என்று விசாரித்தேன். அவள் தம்பியின் கல்யாண மொய் நோட்டிலிருந்து எடுத்தாளாம். மொய் வைத்தவர்கள் பெயரோடு கைப்பேசி எண்ணும் எழுதியிருந்தார்கள். ஐம்பது வெள்ளிக்கு மேல் வைத்தவர்களை மட்டும் சேர்த்திருக்கிறாள்.

"வாங்குற சக்தி உள்ளவங்கள மட்டும் டார்கெட் பண்ணணும்லா சித்தப்பா."

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது, ஒரு காரியத்துக்குக் கொடுத்த விவரத்தை இன்னொன்றுக்கு எடுக்க அனுமதி கேட்க வேண்டும் என்றேன். "அவங்க நம்ம சொந்தக்காரங்க" என்றாள். வர்த்தகப் பரிமாற்றத்தில் சொந்தக்காரர்களுக்கு விலக்கு என்று அந்தச் சட்டத்தில் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அடுத்தது விலை. எந்தச் சேலைப் படத்துக்கும் கீழே விலை இருக்காது. யாராவது கேட்டால் "பி.எம். பண்ணுங்க சிஸ்". நாடு முழுக்க இந்த வழக்கத்துக்கு "பி.எம். தெப்பி" என்று பெயர், வா, ஓரமாக வந்து பேசு. ஓரமாகப் போனால்தான் வேலை நடக்கும். கேட்டவரின் முகப்புப் படத்தை அவள் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பாள். பின்னால் சிங்கப்பூர் அடுக்குமாடி தெரிந்தால் விலையும் ஒரு மாடி ஏறும். உலு திராம் தாமான் வீடு தெரிந்தால் அதே சேலை 189 வெள்ளி. பழைய முதலாளி கணக்கில் கைவைத்தாரே தவிர விலையில் வைத்ததில்லை. கிராணிக்கும் பால்வெட்டுகிறவருக்கும் சர்க்கரை ஒரே விலைதான், பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். இணையத்தில் விற்பவர் தன் பெயர், தொடர்பு எண், பொருளின் தன்மை, முழு விலை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும் என்று மின்வணிக விதிமுறைகள் 2013 ஜூலை முதல் சொல்கின்றன. மீறும் தனிநபருக்கு அதிகபட்சம் 50,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்றாண்டுச் சிறை, அல்லது இரண்டும். இதைச் சொன்னபோது அவள் மூன்று நாள் விலை போட்டாள். அந்த மூன்று நாளும் சிங்கப்பூர் அக்காமார்கள், போன மாதம் தாங்கள் கொடுத்ததையும் இதையும் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் விலை மறைந்தது.

வயிற்றுவலிக்காரரும் நம்மை விட்டுப் போகவில்லை. ஈப்போவிலிருந்து ஒருவர், கிள்ளானிலிருந்து ஒருவர், சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் என்று எழுதும் பாராட்டுகள் மூன்றிலும் "மிக்க திருப்த்தி" என்று ஒரே இடத்தில் ஒரே ஒற்று மிகுந்திருந்தது. திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிழை இருந்தால்தான் நிஜம் மாதிரி இருக்கும் என்றாள். ஓசியில் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு "தற்செயலாக இந்தக் கடையைப் பார்த்தேன்" என்று சொல்லும் டிக்டாக் பிரபலமும் உண்டு. காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்கிறது 2022-இல் புதுப்பித்த உள்ளடக்க நெறிமுறை. சொல்கிறார். ஹேஷ்டேக் காட்டின் கடைசி மரத்தடியில்.

இவ்வளவையும் பார்த்து நான் பெரிதாக அதிரவில்லை. பாம்புக்காரரைப் பார்த்தவன். எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: குறை சொல்கிறவரை என்ன செய்கிறார்கள் என்பது.

"டிலீட் பண்ணாதீங்க சித்தப்பா, கோபம் வந்து திரும்பத் திரும்ப போடுவாங்க. ஹைட் பண்ணுங்க."

பேஸ்புக்கில் ஒரு கருத்தை மறைத்தால், எழுதியவருக்கு அது இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தெரியும். அவருடைய நண்பர்களுக்கும் தெரியும். மற்ற யார் கண்ணிலும் படாது. உலு திராமிலிருந்து ஒரு பெரியம்மா, ஒரே துவைப்பில் சாயம் இறங்கிய சேலையைப் படம் பிடித்துப் போட்டார். என் மருமகப் பிள்ளைகள் வயதுள்ள ஒரு பையன் (அவன்தான் சம்பளத்துக்கு வைத்த இன்னோர் அட்மின்) ஒரு நொடியில் மறைத்தான். பெரியம்மா தினமும் வந்து பார்த்தார். குறை அங்கேயே இருந்தது. அவர் தங்கைகள் இரண்டு பேர் கண்ணீர் முகம் போட்டிருந்தார்கள். கடை நிறைய ஆள்கள் நடுவில் கேட்டுவிட்டோம், யாரும் வாய் திறக்கவில்லையே என்று அவர் நினைத்திருக்கிறார். உண்மையில் அவரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, பின்னால் கதவைச் சாத்தியிருந்தார்கள். என் பாட்டிக்கு இப்படி ஒரு கடை வாய்த்திருந்தால் அந்த 7 கடைசி வரை 7 ஆகவே இருந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நயம் கிடையாது. இருவர் சேர்ந்தாற்போல் புகார் சொன்ன அன்று குழு அமைப்பை மாற்றினாள். அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம். மறுநாள் காலை வெள்ளிக்கிழமை வாழ்த்து அனுப்பினோம். பதிலுக்கு ஒரு வரி எழுதக்கூட யாராலும் முடியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டேன். நேரலை விற்பனையில் குறைசொல்கிறவரை மறைப்பதில்லை, வளர்க்கிறார்கள். சண்டை நடந்தால் பார்வையாளர் கூடும், கூடினால் சரக்கு ஓடும், பரிசுக் காசும் விழும். ஒருவரை எடுத்து வைத்துத் திட்டுவதே தனி வியாபாரமாகிவிட்டது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் சமூகத்தைச் சேர்ந்த டிக்டாக் பிரபலமான ஓர் இளம்பெண், இணைய வசைகளுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அவர்மீது சுமத்திய பிரிவுக்கு அதுதான் உச்சவரம்பு. சேலை விலையை மறைத்தால் ஐம்பதாயிரம் வரை போகலாம் என்றிருந்த நாட்டில்! நாடு கொதித்த பிறகே தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. அந்தப் பெண் இறந்த வாரம் எங்கள் குழுவில் நான் இரங்கல் எழுதினேன். அதற்குக் கீழே அந்தப் பையன் ஆடித் தள்ளுபடி அறிவிப்பை அட்டவணைப்படி போட்டான்.

உலு திராம் பெரியம்மா கதையை முடிக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் அதே படத்தைத் திறந்திருக்கிறார். கருத்துகள் வரிசையில் தன்னுடையதைத் தேடி மேலும் கீழும் தள்ளியிருக்கிறார். இல்லை. ஈப்போ, கிள்ளான், சுங்கை பட்டாணி மூவரும் மட்டும் திருப்த்தியாக இருந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில், ஜாலான் உங்கு புவானில் நடக்க இடமில்லை. அங்கே நாங்கள் போட்டிருந்த விற்பனைக் கூடாரத்துக்குப் பெரியம்மா வந்தார். நெகிழிப் பையிலிருந்து சேலையை எடுத்து எங்கள் மேசைமேலேயே விரித்தார். சிவப்புச் சாயம் மஞ்சள் கரையில் ஏறி, பார்க்கவே பாவமாக இருந்தது. என் அண்ணன் மகள் தாழ்ந்த குரலில், "ஆன்ட்டி, பி.எம். பண்ணுங்களேன், பேசி முடிச்சுக்கலாம்" என்றாள்.

"நான்தான் நேர்லயே வந்துட்டேனேம்மா, இன்னும் எதுக்குப் பி.எம்.?"

சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. உட்லண்ட்ஸிலிருந்து வந்த இரு பெண்கள், அந்தச் சேலை அவருக்கு என்ன விலைக்குக் கிடைத்தது என்று ஆர்வமாக விசாரித்தார்கள். பெரியம்மா உரக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தார். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் படிவம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. மகன் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

189 வெள்ளி அங்கேயே எண்ணிக் கொடுக்கப்பட்டது. உட்லண்ட்ஸ் பெண்கள் கணக்கு தீர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

என் அண்ணன் மகள் சும்மா விடுகிறவள் இல்லை. பணம் கிடைத்ததே, பக்கத்தில் இரண்டு வரி நல்லதாக எழுதுங்கள் என்று பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டாள். அவரும் அன்றிரவே எழுதினார்: "பணம் உடனே திரும்பக் கிடைத்தது. சேலையை இவர்களிடம் யாரும் வாங்க வேண்டாம்."

மறுநாள் காலை முதல் வரி மட்டும், பொன்னிறப் பூக்கரை போட்டு, ஐந்து நட்சத்திரத்தோடு எங்கள் பக்கத்தின் முகப்பில் இருந்தது. கீழே உலு திராம் என்றும் போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழை எதுவும் இல்லையே சித்தப்பா என்று கேட்டாள். இல்லை என்றேன்.