ஒட்டுப்பலகை, ஒற்றைப்பலகை

1980-களின் மதராஸில் கிட்டார் வாங்க அறிவு எதுவும் தேவைப்படவில்லை. கடைக்காரரிடம் ஒரு ரகம் இருக்கும். அதை வாங்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நிறத்தில் மட்டும் நமக்கு உரிமை உண்டு: நடுவில் சிவந்து ஓரத்தில் கறுப்பது ஒன்று, நடுவில் மஞ்சளித்து ஓரத்தில் கறுப்பது இன்னொன்று. என்னுடையது சிவப்பு.

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்ததிலிருந்தே எங்கள் தெருவில் கிட்டார் ஆசை தொற்றிக்கொண்டிருந்தது. அதில் நாயகன் மோகன் மேடையில் கிட்டாரோடு நின்று பாடும் பாட்டின் முன்னிசையை நிஜத்தில் வாசித்தவர் சந்திரசேகர் என்ற கலைஞர். தெருவில் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. மோகனுக்கு மைக்கைப் பிடிக்கத் தெரிந்தால் கிட்டார் வாசிக்கவா தெரியாது என்பது பொதுக்கருத்து.

மவுண்ட் ரோட்டில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் பியானோக்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்பா மரியாதையாக நடையை வேகப்படுத்தினார். நாங்கள் போய்ச் சேர்ந்தது பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்த ஒரு சின்னக் கடை. ஆர்மோனியம், தபலா, பேண்டு வாத்தியக் குழல்கள், எல்லாவற்றுக்கும் மேலே உத்தரத்தில் பாலிதீன் உறை போட்ட கிட்டார்கள். கை நீட்டினேன்.

"வாங்கறதா இருந்தாத்தான் தம்பி இறக்குவேன்."

வாசித்துப் பார்த்து வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. மூன்று பேரும் சமமாக இருந்ததால் வியாபாரம் சுமுகமாக நடந்தது. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு சர்வீஸ் எல்லாம் உண்டா?" அந்த மாதம்தான் வீட்டில் மிக்ஸி வாங்கியிருந்தோம்.

தலைப்பகுதியில் கிவ்ஸன் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவின் கிப்ஸனிலிருந்து ஓர் எழுத்து தள்ளி, கல்கத்தாக்காரர்கள் வைத்த பெயர். ஜெர்மனியின் ஹோஃப்னருக்கு ஹோப்னர் என்றொரு தம்பி இருந்ததும் அதே வகையில்தான். யாரையும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. இறக்குமதிக்கு லைசென்ஸ், அதன்மேல் வரி என்றிருந்த காலத்தில், அசல் கிப்ஸனை நேரில் பார்த்தவர்கள் மதராஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமென்றால் சிங்கப்பூரில் ஒரு மாமா வேண்டும். எங்கள் குடும்பத்து மாமாக்கள் யாரும் செங்கல்பட்டைத் தாண்டவில்லை.

அந்தக் கிட்டாரை இப்போது கண்ணை மூடினாலும் விவரிக்க முடியும். கம்பிகள் பிரிட்ஜில் முடியாமல் அதையும் தாண்டி, அடிப்பக்கத்தில் திருகியிருந்த ஒரு தகரத் தட்டில் போய் மாட்டிக்கொண்டிருக்கும். கீ ஒவ்வொன்றும் கால் சுற்று வரை சும்மா சுற்றும், பிறகுதான் கம்பி இழுபடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் நெக்குக்கும் நடுவே நடராஜ் பென்சிலைச் செருகினால் விழாமல் நிற்கும். நான் செருகித்தான் வைத்திருந்தேன், பென்சில் தொலையாமல் இருக்க வசதியாக இருந்தது.

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்திய மாஸ்டரிடம் வகுப்பு. எஃப் கார்டு பிடிக்க முடியாமல் விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தபோது அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "ரத்தம் வந்தாத்தான் மேன் கிட்டார் வரும்." அதை வேதவாக்காக நம்பி ஒரு தலைமுறையே விரலைக் கிழித்துக்கொண்டது. கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்பதும், பிரிட்ஜின் மேலிருக்கும் சின்னப் பட்டையைக் கீழிறக்கினாலோ கொஞ்சம் தேய்த்தாலோ அந்த ரத்தத்தில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும் என்பதும் அப்போது பேச்சிலேயே இல்லை. எங்கள் சாதகம் என்று ஊர் மெச்சியதில் பாதி, ஒரு தச்சர் அரை மணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறு.

சுருதி சேர்க்கப் பக்கத்து வீட்டு ஆர்மோனியம். அந்த வீட்டு மாமி ஊருக்குப் போயிருந்தால் அந்த வாரம் சுருதியும் ஊருக்குப் போயிருக்கும்.

இப்போது கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய். பிள்ளைகள் படித்து முடித்தாயிற்று, எனக்காக நல்லதாக ஒரு கிட்டார் வாங்கலாம் என்று தோன்றியது. அசல் மார்ட்டினுக்கோ டெய்லருக்கோ இது எட்டாத தொகை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக்கூடிய தொகையும் இல்லை. நடுத்தர வர்க்கத்துக்கு எல்லாப் பொருளிலும் வாய்க்கிற அதே நடுத்தர இடம்.

முதலில் கிடைத்தது கிட்டார் அல்ல, கல்வி. நட் அகலம் 43 மில்லிமீட்டர், ஸ்கேல் 650 மில்லிமீட்டர், எக்ஸ் பிரேசிங், ட்ரஸ் ராட். வீடியோவில் ஒருவர் கிட்டாரை வாசிக்கும் முன் இருபது நிமிடம் அதன் பெட்டியைப் பிரிக்கிறார். நண்பர்களும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் கார்ட் என்றார், ஒருவர் ஃபெண்டர் என்றார். மகன் மட்டும் தீர்ப்பு மாதிரிச் சொன்னான்: "யமஹா எஃப்.ஜி. 800 எடுத்துக்கோங்கப்பா. யோசிச்சீங்கன்னா வாங்கவே மாட்டீங்க."

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. யமஹா எஃப்.ஜி. வரிசையைத் தொடங்கியது 1966-ல். 2016-ல் வந்த எஃப்.ஜி. 800-இன் சிறப்பு, அதன் டாப், அதாவது மேல்பலகை, ஒற்றைப்பலகை என்பது. நம் ஊர்க் கடைகளில் பல வருடமாகப் பிள்ளைகளின் முதல் கிட்டாராக இருந்துவரும் எஃப் 310-க்கு டாப் ஒட்டுப்பலகை. விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது. நடுத்தர பட்ஜெட்டில் 'கொஞ்சம் நல்ல கிட்டார்' என்றால் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

கிட்டாரில் சத்தம் போடுவது முக்கியமாக அந்த மேல்பலகைதான். ஸ்ப்ரூஸ் மரம் எடை குறைவு, ஆனால் ரேகை ஓடும் திசையில் நல்ல விறைப்பு. அதனால் கம்பி இழுத்த இழுப்புக்கு உடையாமல் நின்றுகொண்டே அதிர்கிறது. ஒட்டுப்பலகையில் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பார்கள். பலம் கூடும், அதிர்வு குறையும். எது எது என்று கண்டுபிடிக்க விற்பவரை நம்ப வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் ரேகை அப்படியே வளைந்து விளிம்பின் கனத்துக்குள்ளும் இறங்கினால் ஒற்றைப்பலகை. விளிம்பில் பிஸ்கட் நிறமும் பழுப்புமாக அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்புக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தப் பாடத்தில் நான் அதிகம் தங்கியது பின்பலகைப் பிரிவில். உயர்ந்த கிட்டார்களின் முதுகுக்கு ரோஸ்வுட் என்றார்கள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று பார்த்தால், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்! நாசரேத்தில் இருக்கும் மார்ட்டின் கம்பெனி, 1833-ல் தொடங்கியது, முதலில் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்திவந்தது. அந்த மரம் கிடைப்பது அரிதானதும் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. நாசரேத் என்றதும் தூத்துக்குடிப் பக்கம் பஸ் தேட வேண்டாம், இது பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத். ஆக, நான் பெரம்பூரில் கல்கத்தா ஒட்டுப்பலகையைக் கட்டிக்கொண்டு அழுத அதே நாட்களில், கூப்பிடு தூரத்து மலையின் மரம் கப்பலேறிப் போய் உலகத்தின் நல்ல கிட்டார்களுக்கு முதுகு கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அது லட்சங்களில் விலை ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. 2017-ல் உலக அளவில் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தபோது, பல கம்பெனிகள் விரல்பலகைக்கு வேறு மரம் தேடிக்கொண்டன. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்தது. என் பட்ஜெட்டுக்கு எப்படியும் ஈட்டி கிடையாது, பின்பக்கம் வேறு ஏதாவது மரத்தின் ஒட்டுப்பலகைதான். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பின்பலகை ரகத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதே 2019-ல்தான் யமஹா சென்னைக்குப் பக்கத்திலேயே இசைக்கருவித் தொழிற்சாலை திறந்தது. சிங்கப்பூர் மாமா இல்லாத குறை ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் கடையில் என் முன்னால் நின்ற இளைஞர் கேட்ட கேள்வி: "இது எங்க மேட்? இந்தியான்னா வேண்டாம்ப்ரோ."

இப்போதைய கடைகளில் ஏ.சி. உண்டு. கிட்டார்கள் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன, யாரும் தடுப்பதில்லை. விற்பனைப் பையன் எதை எடுத்தாலும் பிரமாதமாக வாசிக்கிறான், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆறாயிரம் ரூபாய்க் கிட்டாரை எடுத்து அவன் விரல் ஓட்டியதும் நான் பையைத் திறக்கப் போனேன். அன்றைய கடைக்காரருக்கு வாசிக்கத் தெரியாததில் எவ்வளவு நேர்மை இருந்தது!

"தம்பி, நான் திரும்பி நின்னுக்கறேன். இதே பாட்டை நாலு கிட்டார்லயும் வாசிங்க. எது எதுன்னு சொல்லாதீங்க."

அவன் ஒரு மாதிரிப் பார்த்தான். "சார், யூடியூப் சேனல் வச்சிருக்கீங்களா?"

சுவரைப் பார்த்து நின்று கேட்டேன். நான்கில் ஒன்று தனியாகத் தெரிந்தது: ஒலி கொஞ்சம் நேரம் காற்றில் நின்று அடங்கியது. திரும்பிப் பார்த்தால் அது எஃப்.ஜி. 800. மகனிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டில் அவன் செல்வாக்கு ஏற்கெனவே அதிகம்.

அதே விலையில் ஒயர் மாட்டுகிற பிக்கப் வசதியும், வளைத்து வெட்டிய தோளும் உள்ள ஒன்றையும் பையன் காட்டினான். "ஸ்டேஜ்ல ப்ளக் பண்ணிக்கலாம் சார்." நான் கடைசியாக ஏறிய மேடை என் கல்யாண மேடை. பட்ஜெட் ஒன்றேயாக இருக்கும்போது பிக்கப்புக்குப் போகும் காசு எங்கிருந்தோ குறைந்தாக வேண்டும், பெரும்பாலும் அது மேல்பலகையில்தான் குறையும். வளைந்த தோளும் பதினான்காவது ஃப்ரெட்டுக்கு அப்பால் வேலை உள்ளவர்களுக்கு. நமக்கு முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள்ளேயே ஆயுள் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒட்டுப்பலகைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. கிட்டாருக்குப் பிடித்த காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னைக்கு அந்த எண் பழக்கமில்லை. ஐப்பசி மழையில் ஒற்றைப்பலகை ஈரம் குடித்து அப்பளமாகப் புடைக்கும், கம்பி தானாக மேலே ஏறும், பென்சில் காலம் திரும்பிவிடும். ஒட்டுப்பலகை இதையெல்லாம் கண்டுகொள்ளாது. பெசன்ட் நகரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பீரோ மேல் கிட்டாரைப் போட்டுவைக்கிறவர் என்றால், தயங்காமல் விலை குறைந்ததையே வாங்கலாம். ஒற்றைப்பலகை வாங்கினால் வாசித்தவுடன் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் ஜெல் பொட்டலம் போட வேண்டும். அன்று கிட்டார் என் விரலைப் படுத்தியது, இன்று அதன் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு சங்கடமான உண்மை. இன்றைக்கு எட்டாயிரம் பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் பெயர்பெற்ற கம்பெனிக் கிட்டார், அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இருந்த எதையும் விட எல்லா வகையிலும் மேல். மெஷினில் வெட்டிய நெக், இடம் தவறாத ஃப்ரெட், கால் சுற்றுக்குக் கால் சுற்று இழுபடும் கீ. 'அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா' என்ற நம் வழக்கமான பெருமூச்சுக்குக் கிட்டார் விஷயத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மாறாத ஒன்று எஃப் கார்டு. அது இன்னும் அதே இடத்தில், அதே அடாவடியோடு இருக்கிறது. வாங்கி வந்த எஃப்.ஜி. 800-லும் எனக்கு அது சுத்தமாக விழவில்லை, ஆனால் இப்போது பழிபோடப் பென்சில் இடைவெளி இல்லை.

இருபத்தைந்தாயிரத்தோடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். மொத்தக் காசையும் கிட்டாரிலேயே கொட்டாதீர்கள். இரண்டாயிரமாவது தனியாக வையுங்கள். கடை வேலைக்காரரிடம் கொடுத்து ஆக்ஷனை, அதாவது கம்பியின் உயரத்தை, குறைத்து வாங்குங்கள், ஒரு செட் மெல்லிய கம்பியும் ஒரு க்ளிப் ட்யூனரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்கு வாங்கி வருவதைவிட, நேரில் போய் வாசித்து வாங்குவதே நல்லது. போகும் முன் மறக்காமல் இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். கடையில் எல்லாம் கிடைக்கிறது, நகவெட்டி மட்டும் வைத்திருக்கமாட்டார்கள்.