சாம்பல் திரையும் பத்து வரிச் சுவடியும்: ஒரு பாட ஆராய்ச்சி

லினக்ஸ் கணினி ஒன்றின் டெஸ்க்டாப்பைத் தொலைவிலிருந்து காண விழைவோர் பலரும் முதலில் காண்பது வெறும் சாம்பல் நிறத் திரை. இத்திரை குறித்து இதுகாறும் கூறப்பட்டவை பெரும்பாலும் சினத்தில் கூறப்பட்டவை. ஆதலின் ஆய்வுலகம் அவற்றை ஏற்பதற்கில்லை. சாம்பல் ஒன்றன்று, இரண்டு என்பதை முதற்கண் நிறுவுவோம். மானிட்டரில் மூக்கு இடிக்கும் அளவு நெருங்கி நோக்குங்கால் கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரிந்து, நடுவில் பெருக்கல் குறி வடிவில் மவுஸ் சுட்டி நிற்குமாயின் அது புள்ளிச் சாம்பல். திரையை வரையும் எக்ஸ் சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் எழுந்த பின் அதனிடம் ஒருவரும் ஒரு வேலையும் சொல்லவில்லை என்பது அதன் பொருள். புள்ளியின்றி வழவழவென்று இருந்தால் அது தட்டைச் சாம்பல். இது தானாக வந்ததன்று. கோப்பில் உள்ள ஒரு வரியின் ஆணைப்படி பூசப்பட்டது. எனவே கோப்பு அந்த வரி வரைக்குமாவது ஓடியிருக்கிறது என்பது பெறப்படும். முன்னதில் நோய் கோப்பின் வாசலில். பின்னதில் கோப்பின் வயிற்றில். பிற்கால எக்ஸ் சர்வர்கள் புள்ளிச் சாம்பலைக் கைவிட்டு வெறுங்கருப்பைக் காட்டுகின்றன. பழையதே வேண்டும் என்போர் கட்டளையில் 'ரெட்ரோ' என்று சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றும் நடக்காத திரையைக் கூடப் பழைய பாணியில் பார்க்க விரும்பியோர் இருந்தனர் என்பதற்கு இது அசைக்க முடியாத சான்று.

ஆய்வுக்குரிய மூலம், விஎன்சி என்னும் முறையில் வழங்கும் 'எக்ஸ்ஸ்டார்ட்அப்' என்ற கோப்பு. பயனரின் ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் இது கிடக்கிறது. பழைய பாடம் ஏறத்தாழப் பத்து வரி. அவற்றில் சில # குறியால் தொடங்குவதால் உரை, ஏனையவை மூலம். கணினி மூலத்தை மட்டும் ஓதும், உரையைத் தாண்டிச் செல்லும். இந்நூலின் தனிச்சிறப்பு அதன் முதல் உரைக்குறிப்பில் உள்ளது: இயல்பான டெஸ்க்டாப் வேண்டுவோர் அடுத்த இரு வரிகளின் # குறியை அகற்றுக என்று அது பணிக்கிறது. மூலமாக வேண்டியவற்றை உரையாகக் கட்டிப்போட்டு, அவிழ்க்கும் வழியையும் உரையிலேயே எழுதிவைத்த ஆசிரியரை இலக்கண உலகில் காண்டல் அரிது. இயல்பானதை வேண்டுவோர் தனியே முயல வேண்டும் என்பதால், வாளா இருப்போர்க்கு இயல்பற்றதே வாய்க்கும் என்பதும் இதனுள் அடக்கம். அவ்வாறு வாய்ப்பது, எண்பது எழுத்து அகலமும் இருபத்து நான்கு வரி உயரமும் உடைய எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் ஒன்றும், 1987-இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய ட்விஎம் என்ற விண்டோ மேலாளருமே.

இனி ஏடுகளின் வழிமுறை. எந்த அலுவலகக் கணினியைத் திறந்தாலும் இந்நூல் ஒரு படியாக இராது. அசலை அடுத்து 'பாக்', அதை அடுத்து 'ஓல்டு', 'ஓல்டு2', 'ஒரிஜினல்', இறுதியில் 'ஒர்க்கிங்' என்று பின்னொட்டுப் பெற்ற படிகள் வரிசையாக நிற்கும். இவற்றுள் ஒர்க்கிங் என்பது வேலை செய்வதில்லை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. காலத்தால் முந்தியது எது என்பதிலேதான் பூசல். கோப்பின் தேதியை வைத்து முடிவு கட்டலாம் என்பர் இளையோர். பொருந்தாது. சாதாரண சிபி கட்டளையால் நகலெடுத்தால் நகலுக்கு நகலெடுத்த நாளே தேதியாகும். பழைய தேதி நிலைக்க வேண்டுமாயின் பி என்ற எழுத்தையும் உடன் இட வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் அதை இடுவதில்லை. ஆகவே மிகப் பழைய பாடம் மிகப் புதிய தேதியைத் தாங்கி நிற்கும். ஏடு பார்த்துப் பதிப்பித்த பெரியோர்க்கும் இப்படியொரு சோதனை வாய்த்திராது.

இடைச்செருகல்களுக்கு வருவோம். 'செஷன் மேனேஜர்', 'டிபஸ் செஷன் பஸ் அட்ரஸ்' என்னும் இரு மாறிகளை 'அன்செட்' செய்யும் வரிகள் மூலப்பாடங்கள் எல்லாவற்றிலும் காணப்படுவன அல்ல. பின்வந்தோர் கையால் நுழைந்தவை பல. ஆயினும் இவை வெறும் வழிபாட்டு வரிகள் அல்ல. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் ஒருவர் தம் டெர்மினலிலிருந்து விஎன்சி சர்வரைத் தொடங்கினால், நடப்பு அமர்வின் முகவரிகள் புதியதற்கும் ஒட்டிக்கொண்டு போகும். புதிய டெஸ்க்டாப் அவற்றைப் பார்த்து, 'இங்கே முன்னமே ஒருவர் குடியிருக்கிறார்' என்று எண்ணி வந்த வழியே திரும்பிவிடும். எக்ஸ்ஆர்டிபி என்னும் மற்றொரு முறையின் 'ஸ்டார்ட்டபிள்யூஎம்' கோப்பிலும் இதே வரிகள் செருகப்படுகின்றன. இரு மரபினரும் பிறவற்றில் ஒத்துப்போனதாகத் தெரியவில்லை.

இறுதி வரியின் ஈற்றில் & வருதல் வேண்டுமா என்பது அடுத்த வழக்கு. & இட்டால் அந்நிரல் பின்னணிக்குப் போகும்; கோப்பு அடுத்த வரிக்கு நகரும். அடுத்த வரி இல்லையேல் கோப்பு முடிந்தது. பழைய விஎன்சி சர்வர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பு முடிந்தாலும் திரை நீடித்தது. பிற்கால விஎன்சி சர்வரான டைகர்விஎன்சியோ, கோப்பு முடிந்தால் அமர்வும் முடிந்தது என்று கொண்டு சர்வரையே அணைத்துவிடும். ஆகவே ஒரே பாடம் ஒரு காலத்தில் உயிரோடும் மறுகாலத்தில் பிணமாகவும் இருந்தது. எக்ஸ்எஃப்சிஇ என்னும் டெஸ்க்டாப்பைத் தொடங்கும் வரிக்கு முன் 'எக்ஸிக்' இட்டு, ஈற்றுக் குறியை நீக்குவதே நம் துணிபு. டைகர்விஎன்சி 1.11 பதிப்பு 2020-இல் வெளிவந்தபோது நூலின் தலையிலேயே கைவைத்தது. எந்த டெஸ்க்டாப் என்பதை 'செஷன்' என்ற ஒற்றை வரியால் வேறொரு கோப்பில் சொன்னால் போதும். எக்ஸ்ஸ்டார்ட்அப் இனி ஓதப்படாது. டெபியன் வழியினர் மட்டும் பழைய முறையைத் தம் தொகுப்பில் காத்தனர். ஏனையோர், கணினி படிப்பதையே நிறுத்திவிட்ட கோப்பில் இன்றும் ஈற்றுக் குறியைச் சேர்த்தும் நீக்கியும் உழைத்து வருகின்றனர். இவ்வுழைப்பைக் குறை சொல்ல மாட்டோம். பயன் கருதாப் புலமை அருகிவரும் காலம் இது.

பாடம் முற்றும் சரியாக இருந்தும் நூல் ஓடாமை உண்டு. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இயக்கும் உரிமை இன்மை; சிஎச்மாட் கட்டளை கொண்டு அதை வழங்க வேண்டும். மற்றது நுட்பமானது. கோப்பை விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்தால், ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து உடன் வரும். டெலிபிரின்டரின் அச்சுத்தலையை வரித்தொடக்கத்துக்குத் திருப்பிய குறியின் எச்சம் அது. முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு அது ஒட்டிக்கொள்வதால், அப்பெயரில் ஒரு ஷெல்லும் இல்லை என்று கணினி கைவிரிக்கும். திரையில் வருவதோ 'அப்படியொரு கோப்பு இல்லை' என்னும் செய்தி; பார்ப்பவரின் கண்ணெதிரே கோப்பு இருக்கும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இடாததால் பதிப்பாசிரியர் தவித்தனர். இங்கே இல்லாத எழுத்தால் வந்த குழப்பமன்று, இருந்தும் தெரியாத எழுத்தால் வந்தது.

தோற்றம் பற்றிச் சிறிது. விஎன்சி கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி, ஆரக்கிள் கூட்டு ஆய்வகத்தில் பிறந்தது. அதைப் பற்றி 1998-இல் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் ஒருவர் குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர். இவரே 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் ட்ரோஜன் அறையில் இருந்த காபிக் குடுவையைக் கேமரா வழியே ஆய்வாளர்தம் திரையில் காட்டும் நிரலை எழுதியவர். படத்தை அனுப்பும் நிரல் பால் ஜார்டெட்ஸ்கியுடையது. மாடி ஏறிப் போனால் குடுவை காலி என்னும் கொடுமையைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. அந்தப் படமும் சாம்பல் நிறத்ததே. வீண் நடையைத் தவிர்த்தல் இத்துறையின் கருப்பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எக்ஸ்ஆர்டிபி மரபை விரைந்து கடப்போம். 3389-ஆம் போர்ட்டில் அமரும் இது, டெபியனிலும் உபுண்டுவிலும் 'ஸ்னேக் ஆயில்' என்று தன் பெயரிலேயே போலித்தனத்தை ஒப்புக்கொள்ளும் சான்றிதழைக் கையாள்கிறது. அச்சான்றிதழின் சாவியைப் படிக்க எக்ஸ்ஆர்டிபி என்னும் பயனரை 'எஸ்எஸ்எல்-செர்ட்' குழுவில் சேர்க்க வேண்டும். போலிக்கும் காவல் உண்டு. ஒருவழியாக உள்ளே நுழைந்தவரிடம், வண்ண மேலாண்மைக்கு ஒரு சாதனம் உருவாக்க நிர்வாகி பாஸ்வேர்டு தருக என்று ஒரு பெட்டி எழும். கணினியின் முன்னே அமர்ந்திருப்பவர்க்கு இந்த அனுமதியைக் கேளாமலே தருவர். தொலைவில் உள்ளவர் ஐயத்துக்குரியவர். வண்ணம் எதையும் கேளாதவரிடம் வண்ணத்துக்கு அனுமதி கேட்பது ஏன் என்பது தத்துவத் துறையினர்க்கு விடப்படுகிறது.

எக்ஸுக்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட், ஒரு நிரல் மற்றொன்றின் திரையைத் தன்னிச்சையாக எட்டிப் பார்ப்பதைத் தடுத்தது. எட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எக்ஸ்11விஎன்சி போன்றவை அங்கே பிழைப்பிழந்தன. அதனால் லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம்3-இன் 'கஸ்டம்' கோப்பில் வேலண்டை முடக்கும் வரியின் முன்னுள்ள # குறியை அகற்றுதல் ஒரு சடங்காகவே வளர்ந்தது. உபுண்டு 17.10-இல் வேலண்ட் இயல்பிருப்பானது, 18.04-இல் பின்வாங்கியது, 21.04-இல் மீண்டும் வந்தது. சடங்கும் உடன் அலைந்தது. 25.10-இல் க்னோம் டெஸ்க்டாப்பின் எக்ஸ் அமர்வே நீக்கப்பட்டதால் சடங்குக்குத் தெய்வம் இல்லை. க்னோம் தானே தரும் ரிமோட் டெஸ்க்டாப்போ தன் பாஸ்வேர்டைக் கீரிங் என்னும் பெட்டியில் வைக்கிறது. கணினி தானாக லாகின் ஆகும்படி அமைத்திருந்தால் அப்பெட்டி பூட்டியே கிடக்கும். திறக்க, கணினியின் முன் நேரில் போய் அமர்ந்து பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். காபிக் குடுவைக்கு மிச்சம் பிடித்த நடை வட்டியோடு இங்கே வசூலாகிறது.

இவ்வளவு கட்சிகளும் ஒருமித்துப் புறக்கணித்த சான்று ஒன்று எஞ்சியுள்ளது: லாக். விஎன்சிக்கு அது பெரும்பாலும் எக்ஸ்ஸ்டார்ட்அப்புக்குப் பக்கத்திலேயே, கணினியின் பெயரும் திரை எண்ணும் தாங்கிக் கிடக்கிறது. எக்ஸ்ஆர்டிபிக்கு வார் ஃபோல்டரில் இரண்டு, ஹோம் ஃபோல்டரில் 'எக்ஸ்செஷன்-எரர்ஸ்' என்று மூன்றாவது. இயக்கும் உரிமை இல்லையா, ஷெல் கிடைக்கவில்லையா, டெஸ்க்டாப்பே நிறுவப்படவில்லையா என்பது பெரும்பாலும் அதில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். முன்னோர் வாக்காக இல்லாமல் கணினி தானே எழுதியது என்பதால் அதற்கு மதிப்புக் குறைவு போலும். லாகை முதலில் படித்தல் வேண்டும் என்னும் சிறுபான்மைக் கட்சியினர் உளர் என்று கேள்வி. ஆனால் அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது; பாட விவாதங்களுக்கு அவர்கள் வருவதில்லை. ஆகவே அவர்தம் கொள்கை இத்துறையின் ஏடுகளில் பதிவாகவில்லை.