காவலூர்ச் சிறுகோள் பெயரெடுப்பு: ஒரு நுண்ணாய்வு

ஆய்வெல்லை: ஜவ்வாது மலையில் சாமை, தேன், பலா உண்டு, அவை புறம்பானவை. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் எல்லைக்குள் வரும். அங்கே 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வராது; ஆய்வாளருக்கு இரவில் கண்விழித்துப் பழக்கமில்லை.

மூலபாடம்: 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. எண் 4130, பெயர் ராமானுஜன். இதை, வானியலார் 2002 முதல் வழங்கிவரும் விஓடேபிள் என்னும் எக்ஸ்எம்எல் வடிவில் இடைவெளியின்றி ஒரே வரிசையாக எழுதிக்கொண்டோம். அதிலிருந்து பெயரை மட்டும், எக்ஸ்எம்எல்லை மாற்றியெழுதும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டால் எடுப்பதே நோக்கம். கண்ணால் பார்த்தே படித்துவிடலாம் என்பார்க்கு முறையியல் தெரியாது.

முதற்கண், விதி ஒன்றும் எழுதாத ஸ்டைல்ஷீட்டை ஏவினோம். எண், பெயர், தேதி எல்லாம் ஒட்டிக்கொண்டு கொட்டின. குறிகளைக் கழற்றிவிட்டு எழுத்தையெல்லாம் கடத்துவது எக்ஸ்எஸ்எல்டியின் இயல்பு. கேள்வி எதுவுமின்றித் திரட்டியதைக் கொட்டிய ஆய்வேடுகளுக்கு முனைவர் பட்டமே கிடைத்திருக்க, ஸ்டைல்ஷீட்டைக் குறைசொல்வானேன்?

பிறகு, ஒவ்வொரு மதிப்பையும் ஏந்தும் 'டிடி' என்னும் குறி வேண்டும் என்று கேட்டோம். ஒன்றும் வரவில்லை.

பிழைச் செய்திகள் பற்றிய இயல்: பிழைச் செய்தியும் வராததால் இவ்வியல் இல்லை.

காரணம் நேம்ஸ்பேஸ், அதாவது குறிகளுக்கு முகவரி வடிவில் அமைந்த குடிப்பெயர். முன்னொட்டின்றிக் கேட்டால், நேம்ஸ்பேஸே இல்லாத டிடியைத்தான் தேடும். விஓடேபிளில் அப்படியொன்று இல்லை. முன்னொட்டு 'வி' என்பார் ஒரு சாரார் (காண்க: வெளிவராத இதழ், கிழிந்த பக்கம்). 'வோட்' என்பார் மறுசாரார் (காண்க: அதே கிழிந்த பக்கத்தின் பின்புறம், கரையான் அரித்த அடிக்குறிப்பு, அதன்மேல் அக்கரையான் இயற்றிய விருத்தியுரை, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு வரவில்லை). உண்மையில் எந்த முன்னொட்டும் செல்லும். அது சுட்டும் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் போதும். இருசாராரும் இதை அறிவர். அறிந்தே கருத்தரங்கு கூட்டுகின்றனர், பயணப்படி உண்டு.

முகவரியிலும் வில்லங்கம். 2019இல் வந்த 1.4 பதிப்புக்கும் நேம்ஸ்பேஸ் முகவரியில் 1.3தான். பாடபேதமன்று, பழைய ஸ்டைல்ஷீட்டுகள் ஊமையாகிவிடாதிருக்க வேண்டுமென்றே விட்டுவைத்தது. மூலத்தைத் திருத்தாமல் உறக்கம் வராத பதிப்பாசிரியர் ஒருவர் தம் ஸ்டைல்ஷீட்டில் இதை 1.4 ஆக்கினால், அவர் கைக்கு வெற்றுத்தாளே வந்துசேரும்.

எஞ்சியது எண்ணிக்கை. டிடிக்குப் பெயர் கிடையாது. இரண்டாம் டிடி யாரென்று மேலே நிரல்பெயர் தாங்கும் குறிகளில் இரண்டாம் ஃபீல்டைப் பார்த்தே அறிய வேண்டும். 'பெயர்' என்னும் ஃபீல்டுக்கு முன்னுள்ள ஃபீல்டுகளை எண்ணி, ஒன்று கூட்டி, அத்தனையாவது டிடியை எடுத்தோம்.

வந்தது: ராமானுஜன்.

எண்ணும் வேண்டுவோர் அடுத்த நிதியாண்டில் விண்ணப்பிக்கலாம்.