தோற்றது ஒன்று, விட்டது ஏழு

சென்ற இதழில், நான் பார்த்த கால்பந்து சீசன்களிலேயே மிகப் பெரியது லிவர்பூலின் 2018–19 என்று எழுதியிருந்தேன். பட்டம் கிடைக்காத வருஷத்தைப் போய்க் கொண்டாடலாமா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரப் பக்கம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: இரண்டாவதாக வந்த அணியை இவ்வளவு புகழ்வானேன்?

97 புள்ளி எடுத்தும் இரண்டாவதாக வந்த அணி என்பதால்தான். இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் அத்தனை புள்ளி எடுத்துப் பட்டத்தை விட்டவர்கள் வேறு யாரும் இல்லை. 38 ஆட்டத்தில் 30 வெற்றி, 7 டிரா, ஒரே ஒரு தோல்வி. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை 26 பட்டங்கள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றில் 25 பட்டங்களை இந்த 97 வென்றிருக்கும். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 2003–04-ல் பட்டம் வென்ற ஆர்சனலுக்கு 90 புள்ளி. 2015–16-ல் உலகமே வாய் பிளந்து பார்த்த லெஸ்டர் சிட்டிக்கு 81. லிவர்பூல் 97 எடுத்த வருஷம் பார்த்து மான்செஸ்டர் சிட்டி 98 எடுத்துவிட்டது. முதலிடம் ஒன்றுதானே இருக்கிறது!

கேள்வி: உங்களுக்குப் பிடிக்காத எண்?

11.7.

கேள்வி: 2019 ஜனவரி 3, சிட்டியின் எத்திஹாட் மைதானம். அந்தப் பந்து மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தால்...?

முந்தைய பதிலுக்கு விளக்கம் நீங்களே கேட்டுவிட்டீர்கள். கோல் எதுவும் விழாத நேரம். லிவர்பூலின் மானே உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் அதை விரட்டப் போக, அது அவருடைய கோல்கீப்பர் மேலேயே பட்டு கோலை நோக்கி எழும்பியது. ஸ்டோன்ஸ் பின்னால் பாய்ந்து காலால் வாரி வெளியே எறிந்தார். முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட இன்னும் 11.7 மில்லிமீட்டர் இருந்தது என்று கருவி சொன்னது. சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆட்டத்தில் சிட்டி 2-1 என்று வென்றது. சீசனில் லிவர்பூலின் ஒரே தோல்வி அதுதான். அது டிரா ஆகியிருந்தாலே லிவர்பூலுக்கு 98, சிட்டிக்கு 96.

பல நாள் நானும் இதையே சொல்லிப் புலம்பினேன். ஒருநாள் நிறுத்திவிட்டேன். காரணம், அதற்கு மூன்று மாதம் முன்பு, அக்டோபர் 7 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் இதே சிட்டியுடன் நடந்த ஆட்டம். 86-வது நிமிடத்தில் சிட்டிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மஹ்ரெஸ் அதைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். ஆட்டம் 0-0. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் பட்டப் போட்டி ஒரு வாரம் முன்பே முடிந்திருக்கும். நமக்கு வரவைத் தந்ததும் அதே இரண்டு அணிகளின் ஆட்டம்தான். செலவை மட்டும் எழுதி வைப்பது நியாயமான கணக்கு ஆகாது.

கேள்வி: அப்படியானால் பட்டம் எங்கேதான் போனது?

டிராவில் போனது. டிராவைப் பாதி வெற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற விதி இங்கிலாந்தில் 1981-ல் வந்தது. அன்றிலிருந்து டிரா என்பது மூன்றில் ஒரு பங்குதான்.

கூட்டிப் பாருங்கள். சிட்டி நான்கு ஆட்டம் தோற்றது. 12 புள்ளி போயிற்று. இரண்டு டிராவில் 4 போயிற்று. மொத்தம் 16. லிவர்பூல் ஒரு தோல்வியில் விட்டது 3. ஏழு டிராவில் விட்டது 14. மொத்தம் 17. முழு 114-லிருந்து கழித்தால் 98, 97. நான்கு முறை தோற்றவன் ஒரு முறை தோற்றவனை முந்தியது இப்படித்தான்.

அந்த ஏழிலும் நான்கு ஐந்தே வாரத்துக்குள் வந்தன. ஜனவரி 29 அன்று சிட்டி நியூகாஸிலில் தோற்றது. மறுநாள் ஆன்ஃபீல்டில் லெஸ்டரை வென்றிருந்தால் ஏழு புள்ளி முன்னிலை. மானே ஆரம்பத்திலேயே கோல் போட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மக்வையர் சமன் செய்தார், 1-1. அடுத்து வெஸ்ட் ஹாமில் 1-1. மான்செஸ்டர் யுனைடெட் தன் ஆட்டக்காரர்கள் மூன்று பேரை முதல் பாதியிலேயே காயத்துக்குப் பறிகொடுத்த ஆட்டத்தில் 0-0. எவர்ட்டனில் 0-0. ஆறு ஆட்டத்தில் எட்டுப் புள்ளியைக் கீழே போட்டார்கள். சிட்டியோ நியூகாஸில் தோல்விக்குப் பிறகு மிச்சமிருந்த 14 ஆட்டத்தையும் வென்றது. பதினான்கையும்!

கேள்வி: பதற்றத்தில் கை நழுவவிட்டார்கள் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

மாட்டேன். அது நடந்ததற்கு நேர் எதிரானது. எவர்ட்டன் டிராவோடு சிட்டி ஒரு புள்ளி முன்னால் போய்விட்டது. பதற்றக்காரர்கள் அங்கேயே சரிந்திருப்பார்கள். இவர்கள் மீதமிருந்த ஒன்பது ஆட்டத்தையும் வென்றார்கள். பிப்ரவரியில் தவறு செய்தார்கள், மார்ச்சில் திருத்திக்கொண்டார்கள். மே மாதம் வரை ஒருவரையொருவர் விடாமல் துரத்திய இரண்டு அணிகளில் எது ஓடி முடித்தாலும் பெருமைதான்.

கேள்வி: ஒரு டிஃபெண்டருக்கு 75 மில்லியன் பவுண்டு! அந்தக் காசுக்கு இரண்டு ஃபார்வர்டு வாங்கியிருக்கலாமே?

ஃபார்வர்டுகளை வைத்து லிவர்பூல் முன்பே ஒரு முறை முயன்று பார்த்திருக்கிறது. 2013–14-ல் சுவாரெஸும் ஸ்டரிட்ஜும் ஆடிய அணி 101 கோல் போட்டது. அதுவும் இரண்டு புள்ளியில் சிட்டியிடம்தான் பட்டத்தை விட்டது. அந்த வருஷத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் செல்சி ஆட்டத்தில் கேப்டன் ஜெரார்டு கால் வழுக்கியதைச் சொல்வார்கள். நான் அந்த சீசனில் வாங்கிய கோல்களைச் சொல்வேன்: 50. கிரிஸ்டல் பேலஸில் 3-0 என்று முன்னால் இருந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 3-3 ஆன அணி அது. ஒரு மனிதனின் கால் வழுக்கியதை மறக்கலாம், ஐம்பது கோலை எப்படி மறப்பது?

2018–19-ல் வாங்கியது 22. கோல்கீப்பர் அலிசன் 21 ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. நீங்கள் சொல்லும் அந்த டிஃபெண்டர் வான் டைக் என்ன செய்வார் என்பதற்கு ஒரு காட்சி போதும். மார்ச் 31, டாட்டன்ஹாமுடன் ஆட்டம் 1-1. முடிய ஐந்து நிமிடம்தான். டாட்டன்ஹாமின் சிசோகோவும் சன்னும் பந்தோடு பாய்ந்து வருகிறார்கள். எதிரே வான் டைக் மட்டும். அவர் பந்தைப் பறிக்கப் பாயவே இல்லை. கோல் போடத் தெரிந்த சன்னுக்குப் பந்து போகும் வழியை மட்டும் அடைத்துக்கொண்டு பின்வாங்கினார். கடைசியில் சிசோகோவே, அதுவும் பழக்கமில்லாத இடக்காலால், உதைக்க வேண்டியதாயிற்று. பந்து வானத்துக்குப் போனது. அடுத்த சில நிமிடத்தில் லிவர்பூல் 2-1. 75 மில்லியனில் பெரும் பங்கை அந்தச் சில விநாடிகளிலேயே அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: அந்த 2-1கூட எதிரணி தன் கோலிலேயே போட்டுக்கொண்டதுதானே? அந்த சீசன் முழுக்க அதிர்ஷ்டம் என்பேன்.

அதிர்ஷ்டம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் பெரியதாக ஒன்று சொல்லட்டுமா? டிசம்பர் 2, ஆன்ஃபீல்டில் பக்கத்து வீட்டுக்காரர் எவர்ட்டனுடன் ஆட்டம். 96-வது நிமிடம் வரை 0-0. வான் டைக் உதைத்த பந்து உயரே எழும்பியது. உதைத்தவரே வெறுத்துப்போய் முதுகைத் திருப்பிவிட்டார். எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு அதைத் தட்டிவிடப் பார்க்க, பந்து குறுக்குக் கம்பத்தில் ஆடிவிட்டுக் கீழே வந்தது. அங்கே டிவோக் ஒரிகி நின்றிருந்தார். அணியில் இடமே கிடைக்காமல் இருந்து, அன்று கடைசி நிமிடங்களில் இறக்கப்பட்டவர். தலையால் முட்டினார். மேனேஜர் யூர்கன் க்ளாப் மைதானத்துக்குள் ஓடிப்போய் அலிசனைக் கட்டிக்கொண்டார். அதற்கு 8,000 பவுண்டு அபராதம்.

பந்து அப்படி விழுந்தது அதிர்ஷ்டம். அது விழுந்த இடத்தில் 96-வது நிமிடத்திலும் ஓர் ஆள் நின்றது உழைப்பு. உதைத்தவர் நம்பிக்கை இழந்த பிறகும் ஒருவர் நம்பினார். அவர் அங்கே நிற்காவிட்டால் டிரா எட்டாகியிருக்கும்.

கேள்வி: சலாவா, மானேவா?

சலா 22 கோல், மானே 22 கோல், ஆர்சனலின் ஓபமெயாங்கும் 22. எகிப்து, செனகல், கபோன் என்று ஆப்பிரிக்காவின் மூன்று மூலைக்கும் அதிக கோலுக்கான தங்கக் காலணி போனது. லீகே பிரிக்க முடியாமல் பங்கு போட்டுக் கொடுத்ததை என்னைப் பிரிக்கச் சொல்கிறீர்களே!

கேள்வி: மே 6 அன்று லெஸ்டருக்கு எதிராகச் சிட்டி கேப்டன் கொம்பனி தூரத்திலிருந்து அந்த கோலைப் போட்டாரே, அன்று இரவு தூங்கினீர்களா?

இல்லை. மறுநாள் இரவும் தூங்கவில்லை. ஆனால் அது வேறு காரணம்.

ஐரோப்பியக் கோப்பை ஆட்டம், நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணி. பார்சிலோனாவில் 3-0 என்று தோற்றுவிட்டு வந்த அணி, சலாவும் ஃபிர்மினோவும் காயத்தில் வெளியே உட்கார்ந்திருக்க, மெஸ்ஸியின் அணியை ஆன்ஃபீல்டில் சந்தித்தது. முந்தின நாள்தான் லீக் பட்டம் ஏறக்குறைய கைவிட்டுப் போயிருந்தது. ஏழாவது நிமிடம் ஒரிகி. இடைவேளைக்குப் பிறகு இறங்கிய வைனால்டம் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். பிறகு ஒரு கார்னர். உதைக்காமல் விலகிப் போவதுபோல் நடந்த அலெக்ஸாண்டர்-அர்னால்ட் சட்டென்று திரும்பி உதைத்தார். பார்சிலோனாக்காரர்கள் தலை நிமிர்வதற்குள் ஒரிகி அடித்துவிட்டார். 4-0. ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று ஆறாவது ஐரோப்பியக் கோப்பை. மனம் உடைய வேண்டிய நாளுக்கு மறுநாள் அப்படி ஆடியதற்காகத்தான் இந்த அணியை நான் இவ்வளவு நேசிக்கிறேன்.

கேள்வி: சிட்டி ரசிகருக்குப் பெண் கொடுப்பீர்களா?

தாராளமாக. தொடர்ந்து 14 ஆட்டம் பதறாமல் பார்த்த பையன் குடும்பத்தை நன்றாக நடத்துவான். தலைதீபாவளியன்று மட்டும் இரண்டு அணிக்கும் ஆட்டம் வராமல் இருக்க வேண்டும்.

கேள்வி: லிவர்பூல்காரர்கள் தோல்வியைச் சாவு மாதிரி எடுத்துக்கொள்கிறார்களே, ஏன்?

சாவைப் பார்த்த ஊர் ஐயா அது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 97 உயிர்கள் போயின. பழியையும் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். குடும்பங்கள் விடாமல் போராடி, 2016-ல்தான் விசாரணை ஜூரி ரசிகர்கள் மேல் தப்பில்லை என்றது.

2019 ஏப்ரல் 14, அந்த முப்பதாம் ஆண்டு நினைவுக்கு முந்தின நாள், ஆன்ஃபீல்டில் செல்சியுடன் ஆட்டம். தொடங்குமுன் மைதானமே மௌனமாக நின்றது. பிறகு மானே ஒன்று. சலா வெகு தூரத்திலிருந்து இடியாக இன்னொன்று. ஜெரார்டு வழுக்கிய அதே எதிரணி, அதே மைதானம், 2-0. பட்டத்தை விட்ட வேதனை பெரியதுதான். ஆட்டம் பார்க்கப் போனவர் வீடு திரும்ப வேண்டும் என்பது அதைவிடப் பெரியது என்று அந்த ஊருக்குத் தெரியும்.

கேள்வி: அந்த சீசனில் உங்களுக்கு மிகச் சந்தோஷமான 21 நிமிடம்?

கேட்கும்போதே விடை தெரிந்துதான் கேட்கிறீர்கள். மே 12, கடைசி நாள். வுல்வ்ஸுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் மானே கோல் போட்டதும் லிவர்பூல் முதலிடம். அங்கே பிரைட்டனில் சிட்டி முதலில் கோலும் வாங்கியது. செய்தி பரவி ஆன்ஃபீல்ட் அதிர்ந்தது. ஒன்றரை நிமிடம் முடியுமுன் அகுவேரோ சமன் செய்தார். 38-வது நிமிடத்தில் லபோர்ட் இன்னொன்று. கடைசியில் சிட்டி 4-1, லிவர்பூல் 2-0. இரண்டு அணியும் தன் வேலையைச் சரியாகச் செய்த நாளில் சண்டை போட ஆளில்லை.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுடைய அணி பட்டத்தை மயிரிழையில் விட்டுவிட்டது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

அம்மா, முதலில் 'இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது மாதம் தூக்கம் கெட்டவனிடம் அது எடுபடாது. பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து, அவன் அணி டிரா செய்த ஆட்டங்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். நடுவர் செய்த தப்பு, கம்பத்தில் பட்ட பந்து எதுவும் வேண்டாம், டிரா மட்டும்.

லிவர்பூல் அந்தக் கணக்கைத்தான் போட்டது என்று நினைக்கிறேன். 2019–20-ல் முதல் 27 ஆட்டத்தில் 26 வெற்றி, ஒரு டிரா. 2020 ஜூன் 25 அன்று, இன்னும் ஏழு ஆட்டம் மீதமிருக்கும்போதே, 30 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்த நேரம். ரசிகர்கள் வீட்டிலிருந்தே அழுதார்கள், சிரித்தார்கள்.

97 எடுத்த வருஷம் தோல்வி ஒன்று, டிரா ஏழு. பட்டம் வென்ற வருஷம் தோல்வி மூன்று, டிராவும் மூன்றே. புள்ளி 99.