அடகுக்கடையைப் பெருசாக் கட்டு, மருமவனே!

வா மருமவனே, வா. யூடியூப்ல எவனோ சொன்னான்னு ராவெல்லாம் முழிச்சிருந்து லேப்டாப்புல விர்ச்சுவல் மெமரியை ஏத்தி வச்சியாமே? ஒங்க அம்மா சொன்னா. இருக்குத ராம் 4 ஜிபி, நீ போட்ட பேஜிங் ஃபைல் 40 ஜிபி! இப்ப வேகம் பிச்சுக்கிட்டுப் போகுதோ? போகலையா? அடடா, ஆச்சரியமால்ல இருக்கு!

ராம்ங்கிறது கைக்காசுலே. அது பத்தலைன்னா விண்டோஸ் என்ன செய்யும்? அப்போதைக்கு வேண்டாததை 4 கேபி, 4 கேபியாக் கட்டி அடகுக்கடைக்கு அனுப்பும். சி டிரைவ்ல ஒளிஞ்சு கெடக்குத ‘பேஜ்ஃபைல்.சிஸ்’தான் அந்தக் கடை. வேணுங்கிறப்ப மீட்டுக்கிட்டு வரும். 1962லயே மான்செஸ்டர்ல அட்லஸ்னு ஒரு கம்ப்யூட்டர்ல இந்த ஏற்பாட்டைச் செஞ்சுட்டான் வெள்ளக்காரன். அன்னைக்குச் சுத்துத காந்த டிரம்முதான் கடை.

அடகு வச்சா மானம் தப்பும், மருமவனே. வசதி வருமா? ராம்ல ஒண்ணை எடுக்குத நேரத்தைப் போல சுமார் லட்சம் மடங்கு ஆகும், பழைய சுத்துத ஹார்டு டிஸ்க்குல. எஸ்எஸ்டியானாலும் நூறு, ஆயிரம்னுதான் கணக்கு. அண்டாவை வச்சுக் குண்டாவை மீட்டு, குண்டாவை வச்சு அண்டாவை மீட்டு, பொழுதன்னைக்கும் நடையா நடந்தா சோறு எப்பப் பொங்க? இதுக்குப் பேருதான் திராஷிங். சந்தேகமா இருந்தா டாஸ்க் மேனேஜரைத் தொறந்து பாரு. மெமரி முட்டி நிக்கும், டிஸ்க்கு நூறுல கெடந்து மூச்சு வாங்கும், சிபியு மட்டும் வேலையத்து ஒக்காந்திருக்கும். கடையை நீ பத்து மடங்கு அகலமாக் கட்டிட்ட. வீட்டுக்கு வருமானம் ஏறிருமாலே?

ஒன் சேக்காளி இருக்கானே, அவன் ரோசக்காரன். அடகே ஆகாதுன்னு ‘நோ பேஜிங் ஃபைல்’னு போட்டானாம். ராம் தீந்த நிமிசம் புரோகிராம் பொத்துனு விழுந்துச்சாம். நீலத்திரை வந்தாலும் என்னத்தால செத்துச்சுன்னு எழுதி வைக்கக்கூட எடமிருக்காது.

1995ல அமெரிக்காவுல சாஃப்ட்ராம்95னு ஒரு சாஃப்ட்வேரை ஒருத்தன் வித்தான். ராமை ரெட்டிப்பாக்கும்னான், லட்சக்கணக்குல வாங்குனாங்க. பிரிச்சுப் பாத்தா சொன்ன சரக்கு உள்ள இல்ல. அரசாங்கமே தலையிட வேண்டியதாப் போச்சு. அவங்கல்லாம் துட்டு குடுத்து ஏமாந்தவங்க. நீ ஓசியிலயே ஏமாந்திருக்க. வெவரமான புள்ளதான்.

பேசாம, அந்த விர்ச்சுவல் மெமரி செட்டிங்லயே ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’னு இருக்குத கட்டத்துல டிக் போட்டுட்டு வெலகிக்கோ. மிஷினுக்குத் தெரியும், எவ்வளவு வேணும்னு. துட்டு இருந்தா இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கிச் சொருகு. சில மாடல்ல ராம் போர்டோட ஒட்டியே வரும். ஸ்லாட் இருக்கான்னு பாத்துட்டுக் கடைக்குப் போ. துட்டு இல்லைன்னா குரோமுல ‘அப்புறம் படிப்போம்’னு போன வருசத்துலருந்து தொறந்து வச்சிருக்கியே, அந்த டேப்பையெல்லாம் மூடு.

மூட மனசு வரலையா? அப்ப ஒண்ணு செய். பேஜிங் ஃபைலை இன்னும் பெருசாக்கு, சி டிரைவ் ரொம்பி வழியட்டும். வேகம் வராது. ஆனா புதுசா எதையும் நீ ஏத்த முடியாது பாரு, மிஷினுக்கு அதுவே பெரிய நிம்மதி.