மணிக்கட்டுத் தூக்கம்: கெடார் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கைப்பட்டை தரும் தூக்கக் கணக்கில் நான்கு இனங்கள் உண்டு: விழிப்பு, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம். இவற்றோடு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் விடிந்ததும் செல்போனில் வந்து நிற்கும். பள்ளியில் தூங்கினால் மதிப்பெண் குறையும், இங்கே கூடும்.

தூக்கத்தைத் தரம் பிரிப்பது கெடார் அமைந்த விழுப்புரம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் உயிருக்கு ஐந்து அவத்தைகள் என்று வகுத்துவிட்டார்: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். சித்தாந்த மரபின்படி நனவில் 35 கருவிகள் வேலை செய்யும். கனவில் 25, உறக்கத்தில் 3, துரியத்தில் 2, அதற்கும் அப்பால் ஒன்றே ஒன்று. விழிகள் விரைந்து அசையும் தூக்கத்தைப் பற்றிச் சிகாகோவின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தது 1953-இல்தான். கைப்பட்டை சுழுத்தியோடு நின்றுவிடுகிறது. மாதச் சந்தா கட்டினாலும் துரியம் திறப்பதில்லை.

கைப்பட்டைக்குள் இருக்கும் முக்கியக் கருவிகள் இரண்டு. ஒன்று கை அசைவதை அறியும் உணரி. மற்றொன்று தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பை எண்ணுவது. மெய்கண்டார் மரபில் பார்த்தால், இரண்டே கருவிகளோடு இயங்கும் கைப்பட்டை நிரந்தரமாகத் துரியத்தில் இருக்கிறது. தூக்க ஆய்வகத்தில் நிலைமை வேறு. அங்கே தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் கம்பிகளை ஒட்டி, இரவை 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நிலை குறிக்கிறார்கள். பயிற்சி பெற்ற இருவர் குறித்தாலும் எல்லாத் துண்டுகளிலும் ஒத்துப்போவதில்லை. மூளையை எட்டிப் பார்க்க வழியில்லாத கைப்பட்டை, அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது.

ஆகவே அது உண்மையில் அளப்பது சும்மா கிடப்பதை. தூங்குகிறவரை அது பெரும்பாலும் சரியாகவே கண்டுகொள்ளும். விழித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவரிடம்தான் ஏமாறும். கடன் நினைப்பில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கும், “மாடு கத்துது, எழுந்து பாருங்க” என்ற குரல் காதில் விழாததுபோல் கண்ணை மூடிக்கொண்டவருக்கும் லேசான தூக்கம் என்றே பதிவாகலாம். தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்று ஊரார் அறிந்த அளவுகூடக் கைப்பட்டை அறியாது.

பாரதக் கூத்து இன்னும் சிக்கலானது. திரௌபதி அம்மன் திருவிழாவில் சாக்குப் பையை விரித்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்தவரின் இரவில், கட்டியங்காரன் வந்தால் விழிப்பு. விருத்தம் நீண்டால் தூக்கம். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் முழு நீளத்துக்குப் படுத்திருப்பவர் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் ஒருவரே. அவருக்குக் கைப்பட்டை இல்லை.

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாட்களில் கணக்கு இரண்டாக உடைகிறது. ஒன்பது மணிக்குப் படுத்து, கரண்ட் வந்ததும் எழுந்து மோட்டார் போட்டு, மண்வெட்டியோடு மடை திருப்பி, மறுபடி வந்து சாய்பவரின் இரவில் நீளமான துண்டை மட்டும் தூக்கமாக எடுத்துக்கொண்டு, மற்றதைக் குட்டித் தூக்கம் என்று ஒதுக்கும் கருவிகளும் உண்டு. கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்ததற்கு மதிப்பெண் கிடையாது.

எண்களில் ஓரளவு நம்பத்தக்கவை படுத்த நேரமும் எழுந்த நேரமும்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அதை ஒரே இரவில் தேடாமல் ஒரு வாரத்தின் சராசரியில் பார்க்க வேண்டும். ஆழ்ந்த தூக்கம் நேற்றைவிடப் பத்து நிமிடம் குறைந்ததற்கு டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. நல்ல மதிப்பெண் வாங்கும் கவலையிலேயே தூக்கம் கெடுவதற்கும் 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கைப்பட்டை சார்ஜில் கிடந்த இரவுகளுக்குப் பதிவு இராது. ஆய்வு நெறிப்படி அன்றிரவு எவரும் தூங்கவில்லை என்றே கொள்ளப்படும்.