எங்கொப்புரான!

சங்ககிரியில் கண்ணை மூடிக் கல்லெறிந்தால் ஒரு லாரி ஓனர் மேல் விழும். அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "அட கெரகமே!"

கிளீனராக ஏறி, டிரைவராகி, ஃபைனான்சில் பழைய வண்டி எடுத்து ஓனரானவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். பச்சையாகத் திட்டமாட்டார். பஞ்சர் என்றால் 'கருமம்'. டயர் வெடித்தால் 'எழவு'. டியூ தேதி வந்தால் 'கெரகம்'. படித்துவிட்டு வண்டிப் பக்கமே வராத மகன் 'கட்டையில போறவன்'. பாதி சுடுகாட்டுச் சாமான், மீதி கோயில் சாமான்.

சனிக்கிழமை நவக்கிரகத்துக்கு எள் தீபம் போட்டு, "சனீஸ்வரா, காப்பாத்து" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். "எந்தச் சனியன் எடுத்துட்டுப் போச்சு?" செருப்போடு சனியும் தொலைந்தது என்று பூக்காரம்மா ஆறுதல் சொல்வாள். "புதுச் செருப்புங்க" என்பார்.

பேத்தியைக் கொஞ்சுவது 'மூதேவி' என்றுதான். தவ்வை, சேட்டை என்ற பெயர்களில் பல்லவர் காலத்தில் கோயிலில் உட்கார்ந்து பூசை வாங்கிய காக்கைக் கொடிக்காரி அவள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிற்பமாக இன்னும் இருக்கிறாள். பேத்திக்கு அதெல்லாம் தெரியாது. கூப்பிட்டால் ஓடி வருகிறது.

கடன் கேட்டு வருபவரிடம் வேறு பாட்டு. "எங்கொப்புரான, வாடகை இன்னும் வரலீங்க!" எங்கப்பன் ஆணை என்பது வாய்க்குள் தேய்ந்த தேய்வு அது. இங்கிலாந்துக்காரனும் இப்படித்தான், கடவுளின் காயங்கள் மேல் இட்ட ஆணையைப் பாதி முழுங்கி 'ஸவுண்ட்ஸ்' என்றான். நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுன் அபராதம் என்று 1606இல் அங்கே சட்டமே போட்டார்கள். நம்மவர் முழுங்குவதற்குச் சட்டம் காரணமில்லை. வாடகை நேற்றே வந்துவிட்டது. முழுசாகச் சொன்னால் அப்பனுக்கு ஏதாவது ஆகிவிடும்.

ராத்திரி நாக்பூரிலிருந்து போன். "அண்ணா, ஆக்சில் கட்டாயிருச்சுங்க." மூன்று நாளாகச் சத்தம் வந்தும் ஓட்டியிருக்கிறான். 'எழவு' வரும், 'கட்டையில' வரும் என்று அவன் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருக்க வேண்டும்.

"சரிங்க தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கிளீனரை எழுப்பி, பெட்டியைக் கட்டச் சொல்லும் குரல்தான் லேசாகக் கேட்டது.